வெடிமருந்துப் பந்தி

மலையடிவாரத்து வெடிமருந்துப் பயிற்சிப் பள்ளியில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் பூங்கோதை. சீடர் சேவுகப்பெருமாள், பதினோரு வருடமாகப் பெரிய கிடங்கின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவர். மாலையில் அதைக் காவல் அறையில் ஒப்படைக்கும்போது தினமும் அவர் முகம் வாடிவிடும்.

அந்த வருடம் புது விதி ஒன்று வந்தது. சாவி வைத்திருப்பவர் மருந்துகளை வகை பிரிக்கும் பரீட்சையில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் கம்பளிக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பாச்சா உருண்டை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதை நினைத்தாலே சேவுகப்பெருமாளுக்குச் சோறு இறங்காது.

பாடம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். உந்துமருந்து எரியும், எரிந்து தள்ளும். பீரங்கிக் குண்டும் ராக்கெட்டும் அதன் வேகத்தில்தான் போகின்றன. இரண்டாம்நிலை வெடிமருந்து பெரிதாக வெடிக்கும், ஆனால் லேசில் எழாது. டெட்டனேட்டருக்குள் இருக்கும் முதல்நிலை தொட்டாலே சீறும். எழாததை எழுப்புவது அதுதான். இதையெல்லாம் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்.

ஆனால் பரீட்சை ஒப்பிப்பது இல்லை. பன்னிரண்டு பெட்டிகள் இருக்கும். உள்ளே வெறும் மணல், மேலே மருந்தின் பெயர். மூன்று அறைகளில் பிரித்து அடுக்க வேண்டும். சேவுகப்பெருமாள் இரண்டு முறை அடுக்கி, இரண்டு முறையும் ஒரே தப்பைச் செய்தார். டெட்டனேட்டர் என்று எழுதியிருந்த சின்னத் தகரப் பெட்டியைக் கொண்டுபோய், இரண்டாம்நிலைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் செருகினார்.

"ஏன் அண்ணே அங்கே வச்சீங்க?"

"சின்னது டீச்சர். அதுக்குப் போயி தனி அறை எதுக்கு? ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்."

பூங்கோதை பூஜ்யம் போட்டார்.

மூன்றாவது பரீட்சை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மூன்று மணிக்கு. பள்ளியில் பூஜையும் சாப்பாடும் அன்றைக்குத்தான். சேவுகப்பெருமாள் காலையிலேயே வந்து நின்றுவிட்டார்.

"டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். இதுல எது ரொம்ப ஆபத்து? அதை மட்டும் சொல்லிடுங்க, எப்படியாச்சும் கரையேறிடுறேன்."

பூங்கோதை திருஷ்டிப் பூசணிக்காய்க்குள் குங்குமம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் பந்தி யாரு அண்ணே பாக்குறது?"

"நான்தான். எப்பவும் நான்தானே."

"யாரை எங்கே உட்கார வைப்பீங்க? சொல்லுங்க."

பரீட்சைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றதும் சேவுகப்பெருமாளுக்குத் தெம்பு வந்துவிட்டது. சிங்கம்புணரிப் பக்கம் அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி அவர் பொறுப்பு. நானூறு இலை விழுந்தாலும், எந்த மச்சானை எந்தப் பங்காளிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"சமையல்கார பவுனம்மாவை உட்காரவே வைக்கக் கூடாது டீச்சர். அடுப்படியிலதான் இருக்கணும். காலையில ஆரம்பிச்சா புகைஞ்சுக்கிட்டே இருக்கும், வாய் ஓயாது. ஆனா அது திட்டத் திட்டத்தான் சாம்பார் வாளி நகரும்."

"ம்."

"சுமை தூக்குற தங்கமாயன் எங்க வேணா உட்காரலாம். மலை மாதிரி ஆளு. கேலி பண்ணுங்க, மேல ரசத்தைக் கொட்டுங்க, அசைய மாட்டான்."

"ம்."

"கிளார்க்கு குஞ்சிதபாதம் இருக்காரே, ஆளு ஊதினா பறந்துடுவாரு. ஆனா 'சௌக்கியமா சார்'னு கேட்டாலே, 'ஏன், எனக்கென்ன கேடு'ன்னு குதிப்பாரு. அவரைத் தூண் ஓரமா, தனி இலையில உட்கார வச்சிடுவேன்."

பூங்கோதை சிரித்தார். "போயி பந்தியைப் பாருங்க அண்ணே."

"என் சந்தேகம்?"

"பந்தி முடியட்டும்."

பந்தி அழகாகத்தான் ஆரம்பித்தது. நீள மேசையில் பதினெட்டு இலை, தூண் ஓரத்தில் தரையில் ஒரு இலை. ஆனால் கடைசி நேரத்தில் தலைமை அதிகாரியின் விருந்தாளி ஒருவர் வந்து, தூண் ஓரத்து இலையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியுமா? குஞ்சிதபாதம் இலையில்லாமல் நின்றார். மூக்கு விடைக்க ஆரம்பித்தது.

சேவுகப்பெருமாள் மேசையைப் பார்த்தார். தங்கமாயனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சந்து இருந்தது.

"சார், நீங்க ஒல்லிதானே. இப்படி ஓரமா உட்காருங்க."

சந்தில் ஒரு இலையைச் செருகினார்.

சாம்பார் வரைக்கும் பிரச்சினை இல்லை. பாயசம் வந்தபோது தங்கமாயனின் முழங்கை லேசாக நகர்ந்தது. குஞ்சிதபாதத்தின் அப்பளம் நொறுங்கியது.

"தடிமாடு!" என்று குதித்தார் குஞ்சிதபாதம்.

தங்கமாயனை அதைவிட மோசமாகவெல்லாம் திட்டியிருக்கிறார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. ஆனால் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், அந்த வேகத்தில், யாரும் சொன்னதில்லை. தங்கமாயன் எழுந்தார். மேசையும் கூடவே எழுந்தது.

பத்தொன்பது இலையும் பாயச வாளியும் தரைக்கு வந்தன. தூண் ஓரத்து விருந்தாளியின் சட்டைப் பையில் இரண்டு முந்திரி தெறித்து விழுந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

பவுனம்மா கரண்டியோடு வந்தாள். தலைமை அதிகாரி உட்பட ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினாள். அந்தத் திட்டில் ஆளுக்கொரு துடைப்பம் எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் இரண்டாவது பந்தி தயார். தங்கமாயன் பழையபடி மலையாகிவிட்டார். குஞ்சிதபாதம் வேறு அப்பளம் கேட்டு வாங்கித் தின்றார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சேவுகப்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. வேட்டியெல்லாம் பாயசமாக, அந்தச் சந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குப் பரீட்சை. நாலே நிமிடத்தில் முடித்துவிட்டார். அடுக்கும்போது வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "பவுனம்மா இந்தப் பக்கம். தங்கமாயன் எல்லாம் இந்த அறை." கடைசியில் தகரப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். கோயில் பிரசாதம் கொண்டுபோகிறவர் போல நடந்து, மூன்றாவது அறையில் வைத்தார். அவ்வளவு பெரிய அறையில் அது ஒன்றுதான் இருந்தது.

பூங்கோதை மூன்று அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

"சாவி உங்களுக்குத்தான் அண்ணே."

சேவுகப்பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"டீச்சர், காலையில கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே."

"என்ன கேட்டீங்க?"

"எது ரொம்ப ஆபத்துன்னு. தங்கமாயனா, குஞ்சிதபாதமா?"

பூங்கோதை தன் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த சேமியாவைத் தட்டிவிட்டார்.

"ரெண்டு பேரும் தங்கமான மனுஷங்கதான் அண்ணே. அந்தச் சந்துல இலையைப் போட்டது யாரு?"