பூங்கனி வேப்பங்குச்சியைக் கடித்த கதை

அந்தக் காலத்தில் வேம்பும் பேசியது, ஓணானும் பேசியது. எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசியது மனிதர் வாய்க்குள் இருந்த பல்கிருமிதான். குடியிருப்பது அடுத்தவர் வீட்டில், அதிகாரமோ வீட்டுக்காரரைவிட அதிகம்!

செம்மணல் மேடான தேரிக்காட்டில் பனையேறிகளும் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களும் வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. கருப்பட்டி மணக்கிற ஊரை விட்டுக் கிருமி வேறெங்கே போகும்? பல்லைக் குடைந்துகொண்டு, "இனிப்பு எங்கே?" என்று கேட்கும். வலி தாங்காதவர்கள் அந்தப் பல்லிலேயே ஒரு துண்டு கருப்பட்டியை வைப்பார்கள். அதற்குப் பல்படி என்று பெயர். தின்கிற நேரம் கிருமி சும்மா இருக்கும், தின்றதும் இன்னும் ஆழமாகக் குடையும். பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். ஆனால் அதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வாய்தான் அவர்களுடையதாக இல்லையே!

கிருமி இரண்டு சட்டம் போட்டிருந்தது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிள்ளைக்கு, அந்தப் பல்லில் முதல் பல்படி வைக்க வேண்டும். கசப்பான எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

கருப்பட்டி காய்ச்சும் பூங்கனியின் மகள் செல்லக்கனிக்குப் புதுப்பல் முளைத்தது. அரிசிபோல வெள்ளையாக, ஒரு குற்றமும் இல்லாத பல். பூங்கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தவசி கருப்பட்டித் துண்டோடு வந்தான். அவன் வாயில் மிச்சமிருந்தவை மூன்றே பல்.

"ஏட்டி, பிள்ளைய வாயத் திறக்கச் சொல்லு. பல்படி வைக்கணும்."

"வைக்க மாட்டேன்."

"கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? கிருமி சும்மா விடுமா? வலியில துடிச்சுப் போவோம்."

"இப்ப மட்டும் துடிக்காமலா இருக்கோம்? நம்ம பல்லுதான் போச்சு. இவ பல்லையும் நம்ம கையாலயே குடுக்கணுமா?"

அவள் வாய்க்குள்ளிருந்தே கிருமி சிரித்தது. "ஏட்டி பூங்கனி, ஒன் நாக்குக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு இருக்கேன். எங்கிட்டயே வாயாடுதியா?" என்று கடைவாய்ப்பல்லில் ஒரு குத்துக் குத்தியது. பூங்கனிக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆனால் அவள் அழுகிற ரகமில்லை, யோசிக்கிற ரகம். கசப்பு கூடாது, கசப்பு கூடாது என்று இந்தக் கிருமிப்பயல் ஏன் இப்படிக் கத்துகிறான்? பயமில்லாதவன் எதற்குச் சட்டம் போடுகிறான்?

கருப்பட்டித் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து வாய் நிறைய ஊற்றிக் கொப்பளித்தாள். இனிப்பே தின்று வளர்ந்த கிருமி உடம்பு கசப்பைத் தாங்குமா? பல்லுக்கு வெளியே திரிந்த கிருமிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன.

ஆனால் பல்லில் ஒட்டியிருந்தவை சாகவில்லை. தின்ற இனிப்பையெல்லாம் வழவழவென்று பசையாக்கி, அதைக் கோட்டையாகக் கட்டி உள்ளே இருந்தன. சாறு மேலே வழிந்து போனது.

"இன்னும் ஒரு குடம் ஊத்து! ஒரு சொட்டு உள்ள வராது," என்றது கிருமி. "சாயங்காலம் ஒன் மவ பல்லுல குடியேறப் போறேன்."

மகளைச் சொன்னதும் பூங்கனிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு கிளையைப் படக்கென்று முறித்தாள். "ஏன் தாயி என்னை முறிக்கே?" என்றது வேம்பு. பதில் சொல்ல அவளுக்கு ஏது பொறுமை? குச்சியைச் சொத்தைப் பல்லிலேயே வைத்து, வலிக்க வலிக்கக் கடித்தாள். கிருமியையே கடிப்பதாக அவளுக்கு நினைப்பு. குச்சி நைந்து நாராகப் பிரிந்தது. அந்த நாரால் பல்லை அழுத்தித் தேய்த்தாள். பசைக்கோட்டை பெயர்ந்தது. பெயர்ந்த இடமெல்லாம் கசப்பு இறங்கியது.

"ஐயோ, கூரையைப் பிரிக்காளே!" என்ற அலறல் அவள் வாயிலிருந்தே கேட்டது. தவசி பயந்து இரண்டடி தள்ளி நின்றான்.

சொத்தைப் பல் உடைந்து விழுந்தது. இரத்தத்தோடு துப்பினாள். "போனாப் போவுது. மத்ததத் தர மாட்டேன்."

ஈறின் இடுக்கில் ஒரே ஒரு கிருமி மிஞ்சியிருந்தது. சாகிற நிலையிலும் அதற்குத் திமிர் குறையவில்லை. "கசப்பு பட்டாச் சாவேன், ஒத்துக்கிடுதேன். ஆனா நான் ஒருத்தன் போதும், நூறாப் பெருகுவேன். நீ தூங்கி முழிக்கதுக்குள்ள கோட்டையத் திரும்பக் கட்டிருவேன்."

"கட்டிக்கோலே. விடிஞ்சதும் இடிப்பேன்."

"மறுபடியும் கட்டுவேன்."

"மறுபடியும் இடிப்பேன். எனக்குக் கை ஓஞ்சா எம் மவ இடிப்பா."

அதற்குமேல் பேசிப் பயனில்லை என்று கிருமி வாயை மூடிக்கொண்டது. பேச்சை விட்டதே தவிர வேலையை விடவில்லை. பூங்கனி இன்னொரு குச்சியை ஒடித்து, தன் கையாலேயே நுனியைத் தட்டி நைத்து, செல்லக்கனியிடம் கொடுத்தாள். கசப்பில் பிள்ளையின் முகம் கோணியது. ஆனாலும் துப்பிவிட்டு மறுபடி தேய்த்தாள்.

அன்று முதல்தான் மனிதர்கள் காலையில் எழுந்ததும் ஒரு வாய் நீர் குடிப்பதற்கு முன்பே பல் துலக்குகிறார்கள். கிருமி இன்றைக்கும் ஒழியவில்லை. நாமும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.