அலமாரிக்கு அடியில்

தணிகைநாதன் கடைசியாக லாசரை உயிரோடு பார்த்தபோது, லாசர் தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. முட்டி வலி வேறு. ஒரு கையால் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அலமாரிக்கு அடியில் துழாவினார்.

தேடியது ஒரு கிரில். பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் பொம்மைக் கார் கிட்டில் வரும் முன்பக்கக் கிரில். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். வெள்ளி பூசிய பிளாஸ்டிக்.

"இங்கதாண்ணே விழுந்திருக்கும். எங்க போயிடப்போகுது?" என்று தணிகைநாதனும் பக்கத்தில் மண்டியிட்டுத் தேடினார்.

"கண்ணு போயிருச்சுய்யா. கையும் முன்ன மாதிரி இல்ல. நானேதான் எங்கயாவது தட்டிவிட்டிருப்பேன்."

வகுப்பு நடத்தும் டீச்சர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிரில் கிடைக்கவில்லை. அது தணிகைநாதன் கட்டும் பொம்மைக் காரில் ஒட்டப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை காலை லாசர் பல் துலக்கும்போது சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

திருச்சி பாலக்கரையில் ஒரு மாடியில், பல் செட் செய்யும் லேப் வைத்திருந்தவர் மும்தாஜ். வயது நாற்பத்துமூன்று. வாரம் முழுக்கப் பல். ஞாயிறு காலையில் மட்டும் பொம்மைக் கார் கட்டும் வகுப்பு. ஏழெட்டுப் பேர் வருவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அத்தனை பேரும் அவரைவிட மூத்தவர்கள். அத்தனை பேருக்கும் அவர்தான் டீச்சர். "இங்க ஒரு வசதி. கார் முடியறதுக்குள்ள பல்லு விழுந்தா மாடி இறங்க வேண்டாம்" என்பார் லாசர்.

ஒரு கிட்டின் பம்பரை எடுத்து இன்னொன்றில் வைப்பது, இதன் சக்கரத்தை அதற்கு மாட்டுவது அங்கே வழக்கம். அதற்கு ஒரே ஒரு முறை உண்டு. அடுத்தவர் பெட்டியிலிருந்து எடுப்பதென்றால் கேட்டு எடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால், என்ன எடுத்தோம் என்று சீட்டு எழுதிப் பெட்டிக்குள் போட வேண்டும். வந்து பார்த்துவிட்டு அவர் வேண்டாம் என்றால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் அன்றைக்கே யாரும் ஒட்டமாட்டார்கள்.

தணிகைநாதன் மூன்று கிட்டுகளைக் கலந்து, எந்தத் தொழிற்சாலையிலும் வராத ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் பொருந்திவிட்டது. முகம் மட்டும் அமையவில்லை. லாசரின் பெட்டியில் இருந்த கிரிலை ஒருநாள் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

லாசர் பாகம் மாற்றுகிற ஆள் இல்லை. அவருடைய அப்பா ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தவர். அப்பா ஓட்டிய அதே வண்டியை அப்படியே கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் கிட் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கேட்டிருந்தால் தரமாட்டார். அது தெரிந்ததால்தான் தணிகைநாதன் கேட்கவில்லை. லாசர் டீ குடிக்கக் கீழே இறங்கிய நேரத்தில் எடுத்தார். சீட்டு எழுதவில்லை. அன்றைக்கே ஒட்டினார்.

லாசர் போய்ப் பதினாறு நாள் கழித்து, அவர் மனைவி ஆரோக்கியம் ஒரு பெட்டியோடு தணிகைநாதன் வீட்டுக்கு வந்தார்.

"உங்க அண்ணன் வண்டி, தம்பி. பாதியில நிக்குது. நீங்கதான் அவருக்கு நெருக்கம். முடிச்சுக் குடுங்க. வீட்ல வெச்சுக்கிறேன்."

"சரி அண்ணி."

"முன்னாடி வைக்கிற ஜன்னல் மாதிரி ஒண்ணு மட்டும் இருக்காது. அதைத் தொலைச்சுட்டாரு. அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

தணிகைநாதன் பெட்டியை வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தார். டீச்சர் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒட்டின பாகத்தை உடையாம பிரிக்க முடியுமா?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குப்பைக் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். எப்போதோ யாரோ இரண்டு பிளாஸ்டிக்கைச் சேர்த்து ஒட்டிப் பார்த்த துண்டு.

"பிரிங்க, சார்."

தணிகைநாதன் இரண்டு கையாலும் வளைத்தார். பட்டென்று உடைந்தது. ஒட்டிய இடத்தில் இல்லை. அதற்குப் பக்கத்தில்.

"நம்ம பசை ஒட்டுறதில்ல. ரெண்டையும் கரைச்சு ஒண்ணாக்கிடுது," என்றார் டீச்சர். "பிரிக்க முடியாது. வெட்டலாம். எந்த வண்டி?"

"என்னோடதுதான்."

"கிரிலா?"

தணிகைநாதன் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க மூணு கிட்லயும் கிரிலுக்குப் பத்துக் கம்பிதான். பெயின்ட் காயறதுக்கு நீங்க இங்க வெச்சுட்டுப் போன வண்டியில பதினாலு."

"எப்ப பாத்தீங்க?"

"அவர் தேடின அன்னைக்குக் காலையில. லாசர் சார் வர்றதுக்கு முன்னாடி."

தணிகைநாதனுக்குக் காது சுட்டது.

"தெரிஞ்சுமா டார்ச் பிடிச்சீங்க?"

"ஆமா."

"ஏன் டீச்சர்?"

"நாலு பேருக்கு முன்னாடி, அதுவும் வயசான உங்களை, எப்படிக் கேக்கிறதுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் தனியா கேட்டுக்கலாம்னு விட்டேன்." டீச்சர் உடைந்த துண்டுகளைக் கூடையில் போட்டார். "அடுத்த வாரம் அவர் இல்ல."

கீழே தெருவில் பழவண்டிக்காரர் கொய்யாவுக்குக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்.

"நான் முடிவு பண்ணிட்டேன் டீச்சர்," என்றார் தணிகைநாதன். "என் வண்டி பாழானாலும் பரவாயில்ல. கிரிலை வெட்டி எடுத்து அண்ணன் வண்டியில வெச்சுடறேன். முழு வண்டியா அண்ணி கையில குடுத்துடறேன்."

"கிரில் எங்க கிடைச்சதுன்னு கேப்பாங்களே."

"அலமாரிக்கு அடியில கிடைச்சதுன்னு சொல்லிக்கிறேன்."

டீச்சர் அலமாரிப் பக்கம் போனார். ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தார். லாசர் மண்டியிட்ட அதே இடத்தில் மண்டியிட்டார். ஸ்கேலை உள்ளே விட்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நிதானமாக வழித்து இழுத்தார். வந்ததையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் அள்ளி, தணிகைநாதன் முன்னால் வைத்தார்.

தூசி. காய்ந்த பல்லி முட்டை ஓடு. பிளாஸ்டிக் சீவல். மெழுகில் செய்த ஒரு கடைவாய்ப் பல்.

"அலமாரிக்கு அடியில இதுதான் இருக்கு, சார்."

தணிகைநாதன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அண்ணிகிட்ட உண்மையைச் சொல்ல நீங்களும் கூட வர்றீங்களா?"

"போவேன். ஆனா உங்ககூட இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து போனா தப்பு ஆளுக்குப் பாதின்னு ஆயிடும். நீங்க நாளைக்குப் போங்க. நான் மறுநாள் போறேன்."

மறுநாள் பத்து மணிக்குத் தணிகைநாதன் போனார். ஆரோக்கியம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தணிகைநாதன் எல்லாவற்றையும் சொன்னார். எடுத்ததைச் சொன்னார். ஒட்டியதைச் சொன்னார். கூடவே மண்டியிட்டுத் தேடியதையும் சொன்னார்.

கீரை ஆய்ந்த கை நின்றிருந்தது.

"அப்ப அவர் தொலைக்கலையா?"

"இல்ல அண்ணி."

"கையி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

ஆரோக்கியம் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"கடைசி நாலு நாளும் காபி டம்ளரை ரெண்டு கையால பிடிச்சாரு, தம்பி. ஏங்கன்னு கேட்டேன். கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்குன்னாரு."



"கிரிலை இன்னைக்கே வெட்டி எடுத்துடறேன், அண்ணி. அண்ணன் வண்டியில வெச்சு முடிச்சுத் தந்துடறேன்."

ஆரோக்கியம் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினார்.

"பெட்டியைக் குடுங்க."

"அண்ணி..."

"அது உங்க வண்டியிலயே இருக்கட்டும்."

பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தணிகைநாதன் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டத் தெரியாதவர்போலக் கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் டீச்சரும் போய்வந்தார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று தணிகைநாதன் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை.

லாசர் ஒட்டி முடித்திருந்தது எஞ்சினும் நான்கு சக்கரங்களும்தான். அவை அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன.