சுண்டைக்காய் இல்லாத காலை

மலையடிவாரத்தில் வடிவம்மை நடத்திவந்த தியான இல்லத்தில் விடிந்ததும் மௌனம் தொடங்கிவிடும். முற்றத்தில் வெயில் இறங்கும்வரை யாரும் பேசக் கூடாது. கண்ணைத் திறக்கக் கூடாது. வாசல் மணியின் நாக்கைக்கூடத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பால்காரர் இசக்கி பாலை வாசலில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் போவார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராத ஜீவன் அங்கே ஒன்றுதான். பெயர் சுண்டைக்காய். பூனையைவிடக் கொஞ்சம் பெரிய நாய். எல்லோரும் கண்ணை மூடியதும் அது வாயைத் திறக்கும்.

மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கோமதிநாயகத்தால் முடியவில்லை. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடம் கப்சிப் ஆகிவிடும். இங்கே உள்ளங்கை அகல நாய் ஒன்று அவரை மதிக்கவில்லை.

அவருக்கு வேறொரு வருத்தமும் இருந்தது. மகன் சைலப்பனோடு சண்டை போட்டு, "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று சொல்லி, செல்போனையும் மேஜைமேல் வீசிவிட்டு வந்தவர் அவர். எங்கே போகிறேன் என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தார். மகன் வந்து கூப்பிடுவான் என்ற நம்பிக்கைதான். இதுவரை வரவில்லை. ஆனால் வாய் திறந்து அவர் சொன்னதெல்லாம் நாயைப் பற்றித்தான்.

வடிவம்மை அவரைவிட மிகவும் இளையவர். என்றாலும் குரு குருதான். கோமதிநாயகம் எதிரில் கைகட்டி நின்றுதான் கேட்டார்.

"அம்மா, அந்த நாயை எப்படி நிறுத்துறது?"

"நீங்க என்ன செஞ்சு பாத்தீங்க சார்?"

"பிஸ்கட் போட்டேன். இப்போ பிஸ்கட்டுக்காகவும் சேர்த்துக் குரைக்குது."

"அப்புறம்?"

"சைலன்ஸ்னு ஒரு அதட்டல் போட்டேன்."

"அடங்குச்சா?"

"தியானத்துல இருந்த மூணு பேர் எந்திரிச்சு நின்னுட்டாங்க. நாய் அடங்கல."

வடிவம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அது எதைப் பாத்துக் குரைக்குது?"

"எனக்கு எப்படித் தெரியும்? கண்ண மூடியில்ல உக்காந்திருக்கேன்."

"திறந்து பாத்திருக்கலாமே."

"மௌன நேரத்துல கண்ணத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்."

கோமதிநாயகம் விடுவதாக இல்லை.

"இசக்கி தொழுவத்துல கொண்டு விட்டுரலாமா? மாடுகளோட கெடக்கட்டும்."

"உங்க இஷ்டம் சார்."

அன்று மாலை இசக்கியின் சைக்கிளில் பால் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டைக்காய் போனது. திருப்பம்வரை குரைத்துக்கொண்டே போனது. கோமதிநாயகம் கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

மறுநாள் காலை இலை விழுந்தால் கேட்கும் அமைதி. தியானம் முடிந்ததும் முகமெல்லாம் பூரிப்பாக குருவிடம் வந்தார்.

"இன்னைக்குத்தாம்மா மனசு நின்னுச்சு. ஒரு சத்தம் இல்ல."

"நல்லது சார். வாசலுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா."

"எப்படித் தெரியும்?"

கோமதிநாயகம் நேரே வாசலுக்குப் போனார்.

கதவுக் கம்பியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே அவருடைய மப்ளர். மலைக்காற்று ஆகாதே என்று அவர் மனைவி உயிரோடு இருந்தபோது வாங்கித் தந்தது. வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். துவைத்து மடித்து வைத்திருந்தது.

அப்படியே இசக்கியின் தொழுவத்துக்கு ஓடினார். அந்த வயதில் ஓட்டம் என்று சொல்லக் கூடாது, ஆனால் ஓடினார்.

"இசக்கி, காலைல வாசல்ல யாரைப் பாத்தே?"

"உங்க மகனத்தான் சார். தெனமும்தான வாராரு. வேலைக்குப் போற வழியில பைக்க நிறுத்திட்டு நிப்பாரு."

"தினமுமா?"

"ஆமா. மணி அடிக்க முடியாது, கூப்பிடவும் கூடாது. நாய் குரைக்கே, யாராவது எட்டிப் பாப்பாகன்னு நிப்பாரு. டூட்டிக்கு நேரமானதும் போயிருவாரு. இன்னைக்கு நாயும் இல்ல. பைய மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு."

"இத ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வேணும்னே பாக்கலன்னு நெனச்சேன் சார்." இசக்கி தயங்கினார். "அவரும் அப்படித்தான் சொன்னாரு."

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கி தன் செல்போனை நீட்டினார். வாங்கிய கை அப்படியே நின்றது. மகனுடைய நம்பர் அவருக்குத் தெரியாது. அது மேஜைமேல் கிடக்கும் செல்போனுக்குத்தான் தெரியும்.

சுண்டைக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அது காக்கையைப் பார்த்துக் குரைத்தது, மைல்கல்லைப் பார்த்துக் குரைத்தது. அவர் அதட்டவில்லை. அது பார்த்த பக்கமெல்லாம் அவரும் பார்த்தார்.

திரும்பி வந்தபோது வடிவம்மை ஸ்டூல்மேல் ஏறி நின்று மணியைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என் மகன் தினமும் வாசல்ல வந்து நின்னிருக்கான். உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது சார். நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான இருந்தேன்."

கோமதிநாயகம் நாயை இறக்கிவிட்டார். அது தன் பழைய இடத்தை முகர்ந்து பார்த்துப் படுத்துக்கொண்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். சாலையில் யாரும் இல்லை.

"நாளைக்கு இது குரைக்குமாம்மா?"

"ஆள் வந்தா குரைக்கும்."

"வரலன்னா?"

வடிவம்மை ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"அப்போ நீங்க போய் உங்க மகன் வாசல்ல நில்லுங்க. அங்க நாய் இல்ல சார். நீங்கதான் கூப்பிடணும்."