ராஜா காலில் ராணியின் கொலுசு

முன்னொரு காலத்தில் பொழிலூர் என்ற நாட்டை உக்கிரவீரன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். பேருக்கு ஏற்ற கோபம், மூக்கின் மேலேயே குடியிருக்கும். ஒரு நாள் அவர் ஏதோ யோசனையில் இருந்தபோது ராணி குமுதவல்லி அந்தப் பக்கமாக நடந்து போனாள். "கொலுசா அது, கோயில் மணியா? காதைக் குடைகிறது" என்று எரிந்து விழுந்தார். ராணி கொலுசுகளைக் கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ராஜாவும் விட்டுக்கொடுக்கவில்லை. ராணியின் எல்லா நகையையும் பூட்டி வையுங்கள் என்று பொக்கிஷ அதிகாரி மருதப்பரிடம் சொல்லிவிட்டார்.

மருதப்பருக்கு மந்திரி திருமேனியார் என்றாலே ஆகாது. போதாக்குறைக்கு, மருதப்பருடைய தங்கை மகள் கல்யாண வயதில் இருந்தாள். ராணியின் இடம் காலியானால் அவளை அங்கே உட்கார வைத்துவிடலாம், பிறகு மந்திரி தன்னிடம் கை கட்டி நிற்பார் என்று கணக்குப் போட்டார். சில மாதம் கழித்து நகைப்பெட்டியைச் சபைக்கே தூக்கிக்கொண்டு வந்து திறந்தார். தங்கம் தங்கமாகவே இருந்தது. கொலுசு மட்டும் அடுப்புக்கரி மாதிரி கிடந்தது.

"மகாராஜா, நீங்கள் போட்ட தங்கம் மின்னுகிறது. பிறந்த வீட்டார் போட்ட வெள்ளி கறுத்துவிட்டது. அங்கே ராணியின் மனசு எப்படிக் கறுத்திருக்கிறது என்று வெள்ளியே காட்டிக்கொடுக்கிறது."

சபை தலையாட்டியது. ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. அப்படியானால் அவள் திரும்பி வர வேண்டாம், தை பிறந்ததும் வேறு பெண் பாருங்கள் என்றார்.

திருமேனியாருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு மனசு பொறுக்கவில்லை. ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கையை ஒரு கறையை வைத்து முடித்துவிடப் பார்க்கிறார்களே! வெள்ளி கறுப்பது அவருக்குத் தெரியாததல்ல. வெள்ளிக்கிழமைதோறும் அவர் மனைவி குத்துவிளக்கையும் குங்குமச்சிமிழையும் அவர் முன்னால் வைத்துவிடுவாள், நாட்டுக்கு மந்திரி என்றாலும் வீட்டில் தேய்ப்பது அவர்தான். ஆனால் புண்பட்ட மனசில் நியாயம் ஏறாது. ராஜாவே கண்டுகொண்டால்தான் உண்டு.

அவர் கொஞ்சம் திருநீறும் பழைய வேட்டித் துணியும் வரவழைத்து, சபை நடுவே உட்கார்ந்து இரண்டு கொலுசையும் தேய்த்தார். கறுப்பு துணிக்குப் போனது, வெள்ளி வெளியே வந்தது. தங்கத்தையும் விடவில்லை. சங்கிலி இடுக்கெல்லாம் சந்தனமும் எண்ணெயும் அடைத்திருக்கின்றன, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துத் தனித்தனியாக வையுங்கள், முத்தை மட்டும் ஊறப்போடாதீர்கள் என்றார். மந்திரி வேலை போனாலும் இவர் பிழைத்துக்கொள்வார் என்று மருதப்பர் நக்கலடித்தார்.

திருமேனியார் அதைக் காதில் வாங்கவில்லை. மழைக்காலம் முடியும்வரை ஒரு கொலுசு மருதப்பர் வீட்டில், அவர் முத்திரையோடு பூட்டியிருக்கட்டும், மற்றொன்று ஒரு காலில் இருக்கட்டும், இரண்டும் கறுத்தால் பதவியை விட்டு நானே ஊரைவிட்டுப் போகிறேன் என்றார்.

"யார் காலில்?" என்றார் ராஜா.

"ராணியின் கொலுசை வேறு பெண் போடலாமா? தாலி கட்டியவர்தான் போட வேண்டும்."

சபை மூச்சை அடக்கிக்கொண்டது. ராஜா முறைத்தார். ஆனால் வினோதம் என்றால் அவருக்கும் ஆசை உண்டு, அந்தக்கால வீரர்கள் கழல் கட்டவில்லையா என்று காலை நீட்டிவிட்டார். ராஜாவின் காலுக்குப் பொருந்த ஆசாரி இரண்டு கண்ணி சேர்த்துக் கொடுத்தார். மருதப்பரோ தன் பங்குக் கொலுசைப் பெரிய மரியாதையோடு கம்பளியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்தார். பூட்டி வைப்பதைத் தவிர வேறு பராமரிப்பு அறியாத மனிதர். கம்பளியைப் பார்த்ததும்தான் திருமேனியாருக்குப் பாதி உயிர் வந்தது; கம்பளி பட்டால் வெள்ளி இன்னும் சீக்கிரம் கறுக்கும் என்று வீட்டில் தேய்த்துத் தேய்த்து அவர் கண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. ராஜா நடந்தால் சலங், சலங். காவலர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். முதலில் மெல்ல அடியெடுத்து வைத்த ராஜா, போகப்போகச் சும்மாவே நடக்க ஆரம்பித்தார். அந்தப்புரத்து நடையில் மட்டும் நின்று நின்று போனார். ஒரு நாள் மந்திரியிடம், இந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாகவா கேட்கிறது என்று தணிந்த குரலில் கேட்டார்.

"பழகிவிட்டால் கேட்காது மகாராஜா. நின்றுபோனால்தான் கேட்கும்."

ராஜா அந்தப்புரத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

மழை ஓய்ந்ததும் மருதப்பரின் பெட்டி சபைக்கு வந்தது. முத்திரை அப்படியே இருந்தது. கம்பளியைப் பிரித்தால் கொலுசு கன்னங்கரேல் என்றிருந்தது. ராஜா காலை நீட்டினார். தினமும் குளித்துத் துடைத்த காலில் மற்றது பளபளத்தது. இது ஏதோ மாயம் என்றார் மருதப்பர்.

"ராணி ஒருத்தி, மனசும் ஒன்றுதான். அது இடது காலுக்குக் கறுத்து வலது காலுக்கு வெளுக்குமா?" என்றார் திருமேனியார். "கொலுசின் கறுப்பு மனசைத்தான் காட்டும் என்றால், இது இவ்வளவு நாளும் இருந்தது உங்கள் வீட்டில் அல்லவா?"

சபை சிரித்தது, ராஜா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அரண்மனைப் பூஜைச் சாமான்களை மருதப்பரே தேய்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பிறகு மந்திரிக்கு என்ன பரிசு வேண்டும் என்றார். தேரைப் பூட்டச் சொல்லுங்கள், அது போதும் என்றார் திருமேனியார்.

ராணியின் பிறந்த வீட்டு வாசலில் ராஜா இறங்கியபோது கொலுசுச் சத்தம் உள்ளே கேட்டது. யாரோ என்று வந்த குமுதவல்லி அவர் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். ராஜா படியில் உட்கார்ந்து, மடியிலிருந்து கறுத்த கொலுசையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"இதை இப்படிக் கறுக்கவிட்டது யார்?" என்றாள் ராணி.

"நான்தான். பூட்டி வைத்துவிட்டேன்."

ராணி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கண் கலங்கியது. "இப்படிக் கொடுங்கள், இடுக்கெல்லாம் அப்படியே இருக்கிறது" என்று வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்து, தன் காலில் போட்டுக்கொண்டாள். ராஜா தன் கால் கொலுசைக் கழற்றப் போனார்.

"அது இருக்கட்டும். அரண்மனைவரை நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள்" என்றாள்.

அப்படியே வந்தார்கள். தேர் முழுக்கச் சத்தம், ராஜாவுக்குக் காது குடையவில்லை.