நான்கு சைக்கிளும் எட்டுச் சிவப்பு விளக்கும்

கருங்கொடிக்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்னென்னவோ சொல்வார்கள். நான் அவர்கள் கட்சிதான். சொன்ன பேச்சை அப்படியே கேட்கிற மனிதர்கள் வேறு எந்த ஊரில் கிடைக்கிறார்கள்?

அந்த ஊரிலிருந்து நாலு பேர், நாலு மைல் தள்ளியிருந்த நூல் மில்லுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார்கள். மூத்தவன் பூச்சியப்பன். மூத்தவன் என்பதால் யோசிக்கிற பொறுப்பு அவனுடையது. அடுத்து சுடலைக்கண், அப்புறம் இசக்கி, கடைசியில் மாசானமுத்து. மாசானமுத்துவுக்குத் தை மாதம் கல்யாணம். மில் வேலை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்ணின் அப்பா தலையாட்டியிருந்தார். பையனோ ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகப் போய் மாட்டியிருந்தான். மூன்றாவது தடவை என்றால் வேலை போய்விடும், வேலையோடு பெண்ணும் போய்விடுவாள். பாவம், பயத்தில் அவனுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

இந்த நேரம் பார்த்து மில்லில் ஓர் உத்தரவு போட்டார்கள். மார்கழிப் பனியில் லாரிக்காரர்கள் கண்ணுக்குச் சைக்கிள் தெரிவதில்லையாம். திங்கட்கிழமையிலிருந்து முன்னும் பின்னும் விளக்கு எரியாத சைக்கிள் கேட்டுக்குள் வரக்கூடாது.

நால்வரும் மீரான் பாயின் சைக்கிள் கடைக்குப் போனார்கள். பாய் மினுக்கி மினுக்கி எரிகிற சிவப்பு விளக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். பூச்சியப்பன் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"இது பாதி நேரம் கெட்டுப்போயிருக்கே பாய்."

"கெடலப்பா. அணைஞ்சு அணைஞ்சு எரியும். அப்பதான் தூரத்துல வாரவனுக்குப் பளிச்சுன்னு தெரியும்."

"அணைஞ்சிருக்கப்ப லாரி வந்தா?"

பாய் வியாபாரி. "அப்ப பின்னால ரெண்டா போட்டுக்கிடுங்க. ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு எரியும். ஆனா ஒண்ணு சொல்லுதேன். பின்னால லைட்டு நின்னுபோனா ஓட்டுறவனுக்குத் தெரியாது. எரியுதான்னு பாத்துக்கிட்டே போகணும்."

எரியுதான்னு பாத்துக்கிட்டே போகணும். முன்னால் ஒரு வெள்ளையும் பின்னால் ரெண்டு சிவப்புமாக மாட்டிக்கொண்டு, நால்வரும் அதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வீடு வந்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினார்கள். முன்னால் போன பூச்சியப்பன் பின்விளக்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதில் முள்ளுக்குள் போனான். அவனைத் தூக்கிவிட வந்த சுடலைக்கண், தன் விளக்கைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததில் வாய்க்காலுக்குள் போனான். இசக்கி யார் மேலும் மோதவில்லை, பனைமரத்தில்தான் மோதினான்.

சாலையோரத்தில் உட்கார்ந்து ஆலோசனை நடந்தது.

"நம்ம பின்னால நமக்குக் கண்ணு இல்ல. அதான் சங்கதி" என்றான் பூச்சியப்பன். "பின்னால வாரவன் முன்னால போறவன் லைட்டைப் பாக்கட்டும். எரியுது எரியுதுன்னு சொல்லிக்கிட்டே வரட்டும்."

"எனக்குப் பின்னால யாரு அண்ணே இருக்கா?" என்றான் மாசானமுத்து.

அதற்கும் பூச்சியப்பனே வழி கண்டுபிடித்தான். வட்டமாகப் போனால் எல்லோருக்கும் பின்னால் ஒருவன் இருப்பான்.

பக்கத்துப் பொட்டலில் நால்வரும் வட்டமிட ஆரம்பித்தார்கள். எரியுது, எரியுது, எரியுது, எரியுது. அந்த வட்டாரத்தில் அவ்வளவு பாதுகாப்பாக அதற்கு முன் யாரும் சைக்கிள் விட்டதில்லை. முக்கால் மணி நேரம் விட்டார்கள். பால் கேனோடு வந்தவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "எங்கப்பா போறீக?" என்று கேட்டார்.

"மில்லுக்கு."

"மில்லு அந்தப் பக்கம்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாசானமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதலே" என்று பூச்சியப்பன் இறங்கினான். "சைக்கிளைத் திருப்பு. பின்சக்கரம் முன்னால போகட்டும். ஹேண்டில்பாரைப் புடிச்சுத் தள்ளிக்கிட்டே நட. உன் லைட்டு உன் கண்ணு முன்னால இருக்கும்."

அப்படியே நாலு சைக்கிளும் பின்பக்கமாக உருண்டு மில்லுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஆறேகால். ஆறு மணி ஷிப்ட் தொடங்கி, சங்கு ஊதி ஓய்ந்திருந்தது.

கேட்டுக்கு உள்ளே ஒரு கூண்டில் காவல்காரர் சங்கரபாண்டி உட்கார்ந்திருந்தார். பனியில் ஆள் முகம் தெரியாது என்பதால் மேனேஜர் அவருக்குச் சுலபமாக ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். கேட்டில் வெள்ளை விளக்கு தெரிந்தால் வருகிறவன், சிவப்பு தெரிந்தால் போகிறவன். சங்கரபாண்டியும் கருங்கொடிக்குளத்துக்காரர்தான். எட்டுச் சிவப்பு விளக்கு தெரிந்தது. நாலு பேர் வெளியே போனார்கள் என்று எழுதிக்கொண்டார்.

சூப்பர்வைசர் வந்து நோட்டைப் பார்த்தார், இவர்களையும் பார்த்து அதற்கு நேராக நாலு பெயரையும் எழுதினார். "ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வெளிய போயாச்சுன்னு எழுதியிருக்கு. இன்னும் ஏன் நிக்கீக? வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

சொன்னால் கேட்கிறவர்கள். சைக்கிளைத் திருப்பி, பின்சக்கரம் முன்னால் போக, வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். கூண்டிலிருந்து பார்த்த சங்கரபாண்டிக்கு நாலு வெள்ளை விளக்கு தெரிந்தது. போன நாலு பேரும் திரும்ப உள்ளே வந்தார்கள் என்று எழுதினார்.

பத்து மணிக்கு மேனேஜர் அந்த நோட்டைப் படித்தார். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, கால் மணி நேரம் வெளியே நின்றுவிட்டு, அடுத்த ரெண்டு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே வந்துவிட்ட ஆட்களை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. மாசானமுத்து பேரில் இருந்த பழைய தாமதம் இரண்டையும் தன் கையாலேயே அடித்துவிட்டார்.

மத்தியானம் பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை வேலை நிலைத்திருக்கிறதா என்று மில்லில் போய் விசாரித்தார். "அவன் மில்லை விட்டு வெளிய போகவே மாட்டேங்கான்" என்று மேனேஜரே பதில் சொன்னார். மனிதருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நேராகக் கருங்கொடிக்குளம் வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பூச்சியப்பன், சுடலைக்கண், இசக்கி மூவரிடமும் விஷயத்தைச் சொல்லி, கல்யாணத்தை உறுதி செய்துவிட்டு பஸ் ஏறினார்.

மூவரும் மாசானமுத்துவைத் தட்டி எழுப்பினார்கள்.

"ஏலே, நீ மில்லுக்குள்ள இருக்கியாம். மேனேஜரே சொல்லியிருக்காரு."

மாசானமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்து யோசித்தான். "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலியே அண்ணே. பசியோட எப்படி வேலை பாக்கேன்?"

அவன் அம்மாவிடம் சொல்லித் தூக்குச்சட்டியில் சோறு வாங்கிக்கொண்டு மில்லுக்குள் இருக்கிற அவனுக்குக் கொடுக்க மூவரும் கிளம்பினார்கள். மாசானமுத்துவும் கூடப் போனான். நாலாவது சைக்கிள் இல்லாவிட்டால் வட்டம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்று பூச்சியப்பன் சொல்லிவிட்டான்.