ரசம் டின்னின் சாட்சி

ஆராய்ச்சிக் கப்பல் ஆழ்கடலுக்கு அனுப்பிய அலுமினியப் பெட்டி அப்பளமாக நொறுங்கி மேலே வந்தது.

"காலிப் பெட்டியை நானே சீல் வைத்தேன். சுத்தியலால் அடித்தது நீதான். இல்லையென்று நிரூபி, முடியாவிட்டால் கரையில் போலீஸ்," என்றார் அதிகாரி மகுடபதி.

கயிறு இறக்கும் சூசை சமையலறையிலிருந்து இரண்டு எண்ணெய் டின்கள் கொண்டுவந்தான். ஒன்றில் விளிம்புவரை ரசம் ஊற்றினான், மற்றதைக் காலியாகவே விட்டான். இரண்டையும் இறுக மூடி ஒரே கயிற்றில் கட்டினான்.

"இந்தத் தடவை கயிறு உங்க கையில இருக்கட்டும், சார்."

மூவாயிரம் அடி போய்த் திரும்பின டின்கள். ரசம் டின் போனபடியே வந்தது. காலி டின் கசங்கிக் கிடந்தது.

"உள்ளே ரசம் நின்னு தாங்குச்சு. வெறும் காத்தைக் கடல் மிதிச்சிருச்சு," என்றான் சூசை. "இல்லைன்னா அந்தச் சுத்தியலை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க, சார்?"