இரண்டும் ஒன்பதில்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் ஓலைச்சுவடிகளை எல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் படங்களே நாற்பது ஜிபி. அவ்வளவுக்கும் இடமில்லை. கோப்புகளைச் சுருக்கி வைக்க ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது.

தில்லைநாயகம் மூன்று வருஷம் கண் வலிக்க உட்கார்ந்து ஒன்று எழுதியிருந்தார். வெளியூர் வேதமுத்துவும் ஒன்று கொண்டுவந்திருந்தார். எது என்று முடிவு செய்து மடத்துத் தலைவி நாச்சியார் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் பாடம் கேட்கும் தில்லைநாயகத்துக்கு அறுபது.

இரண்டையும் தானே சோதித்துப் பார்த்து, தில்லைநாயகம் முடிவு எழுதிய தாளை நீட்டினார். அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவைத் தொடவில்லை.

தில்லைநாயகத்துக்கு உள்ளே என்னவோ அரித்தது. நேற்று வேதமுத்து வந்து வெகுநேரம் பேசிவிட்டுப் போனாரே. என்னத்தைச் சொல்லி வைத்தாரோ.

"என்னம்மா, என் மேல் சந்தேகமா?"

"எந்த நிலையில் வைத்துச் சோதித்தீர்கள்?"

"இரண்டும் ஒன்பதில். நிலை ஏற ஏற நன்றாகச் சுருங்கும், நேரமும் கூடும். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்பது என்று வைத்தால்தானே ஓரவஞ்சனை? நாற்பதை என்னுடையது பதினொன்றாக்கியது. அவருடையது பதினாலு."

"நேரம் எழுதவில்லையே?"

"இடம்தானே அம்மா நமக்குக் கஷ்டம்."

"சொல்லுங்கள்."

"எனக்கு ஒரு மணி நேரம். அவருக்கு ஆறு நிமிஷம்."

அம்மா கூடத்து மின்விசிறிகளைக் காட்டினார். "இரண்டையும் மூன்றில் வையுங்கள்."

வைத்தார். ஒன்று அவர் தோள் துண்டைத் தூக்கியடித்தது. மற்றது ஈயைக்கூட விரட்டவில்லை.

"எது நல்ல விசிறி, ஐயா?"

"இதை வைத்து எப்படிச் சொல்வது? மூன்று என்பது அந்தந்த ரெகுலேட்டர் செய்தவன் போட்ட எண்தானே."

சொல்லும்போதே குரல் இறங்கியது. மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்கள் ஒன்பதுக்கு எண் போட்டது யார்?"

"நான்தான்."

"அவருடைய ஒன்பதுக்கு?"

"அவர்."

"அப்போது எண்ணை விடுங்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரு மணி நேரத்தை அவருக்கும் கொடுங்கள். எந்த நிலையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்."

தில்லைநாயகத்துக்கு முகம் சிவந்தது. நினைத்தது சரிதான். எல்லாம் பேசி வைத்த வேலை.

"நன்றாக இருக்கிறதே. வேதமுத்து சொல்லிக் கொடுத்தாரா? ஒரு மணி நேரம் கொடுத்தால் பதினெட்டாம் நிலையில் வைத்துவிடுவார். பத்துக்கும் கீழே போய்விடும்."



அம்மா குரலை உயர்த்தவில்லை.

"பதினெட்டில் வைத்துப் பார்த்த அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள், ஐயா."